மெதுவாக நடந்த இரு கதைகள்

ஒரு நாடகத்தையோ திரைப்படத்தையோ பார்த்துவிட்டு வருகிறவர்கள், "கதை மிகவும் மெதுவாகப் போகிறது" என்று சலித்துக்கொள்வதை நாம் அடிக்கடி கேட்கிறோம். மெதுவாகப் போவது குற்றமா, குணமா என்பது ஒருபுறம் இருக்கட்டும். அவ்வாறு சொல்லுகிறவர் உண்மையில் எதைக் குறை கூறுகிறார் என்று ஆராய்ந்து பார்ப்பவர் சிலரே. இதனை ஆராய்வதற்கு வாய்ப்பானதொரு நிகழ்ச்சி மேற்கு ஜெர்மனியில் நடந்தது. 1980-ஆம் ஆண்டிலும் 1984-ஆம் ஆண்டிலும் இரண்டு நெடுங்கதைகள் அந்நாட்டுத் தொலைக்காட்சியில் பகுதி பகுதியாக வந்தன. இரண்டும் 15 மணி நேரத்துக்கு மேல் ஓடுவன. இரண்டும் அவசரம் என்பதையே அறியாதன. ஒன்றைப் பார்த்தவர் பலர் முகம் சுளித்தனர். மற்றொன்றை நாடே அமர்ந்து பார்த்தது. மெதுவான நடைதான் குற்றம் என்றால், இரண்டுக்கும் ஒரே தீர்ப்பு அல்லவா கிடைத்திருக்க வேண்டும்?

அந்நாளைய மேற்கு ஜெர்மனியின் நிலைமையைச் சிறிது தெரிந்துகொண்டால்தான் இச்செய்தி விளங்கும். இரண்டாம் உலகப் போரில் தோல்வியுற்ற ஜெர்மனி, 1949-இல் இரண்டு நாடுகளாயிற்று. மேற்குப் பகுதியில் தொழில் பெருகியது, செல்வம் கொழித்தது. ஆனால் திரைப்படக் கலை மட்டும் சோர்ந்து கிடந்தது. மலைச்சாரலும் பசும்புல் வெளியும் காட்டி, போரின் நினைவே வராமல் மக்களைத் தாலாட்டிய படங்களே அக்காலத்தில் மிகுதி. இதனைப் பொறாத 26 கலைஞர்கள், 1962 பிப்ரவரி 28-ஆம் நாள் ஓபர்ஹவுசன் என்னும் ஊரில் நடந்த குறும்பட விழாவில் ஓர் அறிக்கை வெளியிட்டனர். பழைய படக்கலை மாண்டது, புதியதில் நம்பிக்கை வைக்கிறோம் என்பது அதன் கருத்து. கையொப்பமிட்டவர்களுள் எட்கர் ரைட்ஸ் என்பவர் ஒருவர். அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருவார்.

நம்பிக்கை இருந்தால் போதுமா? பணம் வேண்டுமே! அது வந்தது தொலைக்காட்சியிடமிருந்து. அந்நாட்டில் அக்காலத்தில் தொலைக்காட்சி எந்த முதலாளிக்கும் உடைமையாக இருக்கவில்லை. பெட்டி வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டாரும் கட்டணம் செலுத்தினர். அதைக் கொண்டு பொது நிறுவனங்கள் ஒளிபரப்பை நடத்தின. நம் நாட்டிலும் வானொலிப் பெட்டிக்குத் தபால் ஆபீசில் பணம் கட்டி, உரிமப் புத்தகத்தில் முத்திரை பெற்ற காலம் ஒன்று உண்டு. உங்கள் பாட்டனாரைக் கேட்டால் சொல்லுவார். நிற்க. 1974-இல் ஜெர்மானியத் திரைப்படத் துறையினரும் தொலைக்காட்சி நிறுவனங்களும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். அதன்பின் தொலைக்காட்சிப் பணத்தில் புதிய இயக்குநர்கள் பல படங்களை எடுத்தார்கள்.

இதனால் விளைந்த சங்கடத்தைக் கூர்ந்து நோக்க வேண்டும். படக்கொட்டகைக்குச் செல்பவன் சீட்டு வாங்கித் தானே விரும்பிச் செல்கிறான். பிடிக்காவிட்டால் அவனுக்கு நட்டம் ஒரு சீட்டின் விலை. தொலைக்காட்சிக்குக் கட்டணம் செலுத்தியவனோ, தன் வீட்டுக் கூடத்தில், தன் நாற்காலியில், தன் மனைவி மக்கள் சூழ அமர்ந்திருக்கிறான். அங்கே வந்து நுழைகிற கதையைத் தன் செலவில் வந்த விருந்தாளியாக அவன் எண்ணுகிறான். மேலும் 1980-இல் அந்நாட்டாருக்கு இருந்தவை முதல் அலைவரிசை, இரண்டாம் அலைவரிசை, வட்டாரங்களுக்குரிய மூன்றாம் அலைவரிசை ஆகியவையே. ஒன்று பிடிக்காவிட்டால் ஓடிப் புகுவதற்கு வேறு இடம் அதிகமில்லை.

இந்தக் கூடத்துக்குள்தான் 1980 அக்டோபர் 12-ஆம் நாள் ஃபிரான்ஸ் பீபர்கோப் என்பவன் நுழைந்தான். இவன் ஆல்ஃபிரட் டோப்ளின் எழுதிய 'பெர்லின் அலெக்சாண்டர்பிளாட்ஸ்' என்ற நாவலின் தலைவன். டோப்ளின் ஒரு மருத்துவர்; பெர்லின் நகரின் கிழக்குப் பகுதியில் ஏழை எளியவர்க்கு மருத்துவம் செய்தவர். 1929-இல் அவர் நாவல் வெளிவந்தது. காதலியை அடித்துக் கொன்ற குற்றத்திற்காக நான்காண்டு சிறையில் இருந்த ஒரு கூலித் தொழிலாளி விடுதலை பெறுகிறான். இனி நேர்மையாக வாழ்வேன் என்று உறுதி பூணுகிறான். நகரம் அவனை விடுவதாயில்லை. நண்பன் என்று நம்பியவன் வஞ்சிக்கிறான். ரைன்ஹோல்ட் என்பவன் அவனை ஓடும் காரிலிருந்து தள்ளிவிட, வலக்கை போகிறது. அவன் அன்பு செய்த மீட்சே என்ற பெண்ணையும் அந்த ரைன்ஹோல்டே கொலை செய்கிறான். பீபர்கோப் அறிவு கலங்கி, மனநோய் மருத்துவமனையில் கிடந்து, இறுதியில் ஒரு தொழிற்சாலையின் உதவி வாயிற்காவலனாக ஆகிறான். கதை இவ்வளவே. ஆனால் இதனூடே டோப்ளின் பத்திரிகைச் செய்திகளையும் வானிலை அறிக்கைகளையும் விளம்பரங்களையும் தெருப்பாட்டுகளையும் விவிலியக் கதைகளையும் கலந்து, நகரத்தின் இரைச்சலையே நூலாக்கிவிட்டார்.

வானொலி நேயர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1930-இல் டோப்ளினே இக்கதையை வானொலி நாடகமாக எழுதினார். பதிவும் ஆயிற்று, ஆனால் குறித்த நாளில் அது ஒலிபரப்பாகவில்லை. 1931-இல் திரைப்படமாகவும் வந்தது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், யூதரான டோப்ளின் நாட்டை விட்டு வெளியேறினார். அவருடைய நூல்கள் தெருவில் கொளுத்தப்பட்டன.

அரை நூற்றாண்டு கழித்து இந்நாவலைக் கையில் எடுத்தவர் ரைனர் வெர்னர் ஃபாஸ்பிண்டர். போர் முடிந்த 1945 மே மாதத்தின் கடைசி நாளன்று பிறந்தவர். 37 வயதில் மறைவதற்குள் ஏறத்தாழ 40 படங்கள் எடுத்தவர். பதினான்கு வயதளவில் படித்த இந்நாவல் தம்மை ஆட்கொண்டது என்று அவரே கூறியிருக்கிறார். அவருடைய பல படங்களில் தலைவனுக்கு ஃபிரான்ஸ் என்றே பெயர் இருப்பதை அறிஞர் சுட்டிக்காட்டுவர். 1979 ஜூன் முதல் 1980 ஏப்ரல் வரை படப்பிடிப்பு நடந்தது. செலவு ஏறத்தாழ 1 கோடியே 30 இலட்சம் மார்க். பழைய அலெக்சாண்டர்பிளாட்ஸ் சதுக்கம் போரில் அழிந்துவிட்டது. அந்த இடமும் அப்போது கிழக்கு ஜெர்மனியின் கையில் இருந்தது. ஆகவே மியூனிக் நகர ஸ்டூடியோவில், வேறொரு படத்துக்காகக் கட்டியிருந்த பெர்லின் தெருவிலும், அறைகளுக்குள்ளுமே பெரும்பகுதியை எடுத்தார்கள். 13 பகுதிகளும் ஒரு பின்னுரைப் பகுதியும் ஆக, மொத்தம் 15 மணி நேரத்துக்கு மேற்பட்ட படம்.

டோப்ளினுடைய நாவலின் வேகம் ஃபாஸ்பிண்டரிடம் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நாவலில் டிராம் வண்டிகள் ஓடுகின்றன. படத்தில் மனிதர்கள் ஓர் அறையில் அமர்ந்து மதுக்கோப்பையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வெளியே விளம்பர விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது. நெடுநேரம் யாரும் பேசுவதில்லை. முதல் கொலைக் காட்சி, அஃதாவது பீபர்கோப் தன் காதலியை அடித்துக் கொன்ற காட்சி, மீண்டும் மீண்டும் வருகிறது. சலிப்பூட்டுவதற்காக அன்று, அவன் மனத்தில் அது மீண்டும் மீண்டும் வருவதனால் நமக்கும் வருகிறது. கதை சொல்லும் குரல் ஃபாஸ்பிண்டருடையதே. கொடுமையான ஒரு நிகழ்ச்சி நடக்கும்போது, யாருக்கோ கடிதம் படித்துக் காட்டுவதுபோல அக்குரல் அமைதியாக ஒலிக்கிறது.

ஒளிபரப்பு தொடங்கியதும் குறைகள் எழுந்தன. இரவு ஒன்பதரை மணிக்குத்தான் ஒளிபரப்பினார்கள். இளையோர் பார்க்கத்தக்கது அன்று என்ற கவலை அதற்கு ஒரு காரணம். ஆனாலும் எதிர்ப்பு அடங்கவில்லை. பரபரப்புச் செய்திகளுக்குப் பெயர்பெற்ற 'பில்ட்' நாளிதழ் இதனைக் கடுமையாகத் தாக்கியது. முதற் பகுதியைப் பார்த்தவர்களில் பெருந்தொகையினர் பிற்பகுதிகளுக்கு வரவில்லை. மக்கள் கூறிய குறைகளுள் முதன்மையானது என்ன தெரியுமா? கதை மெதுவாகப் போகிறது என்பதுகூட அன்று; படம் இருட்டாக இருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை என்பதே!

இக்குறையைக் கலையறியாதார் கூற்று என்று தள்ளிவிடுவது முறையன்று. காமிராக் கலைஞர் க்சேவர் ஷ்வார்ட்சன்பெர்கர், இயக்குநர் விருப்பப்படியே அறைகளை அரையிருளில் படமாக்கினார். மங்கிய விளக்கொளியும், புகையும், பழுப்பு நிறமும் அப்படத்தின் உயிர். இருண்ட கொட்டகையில் பெரிய திரையில் பார்த்தால் அவ்விருளினுள்ளே எத்தனையோ நிழல்கள் புலப்படும். அக்காலத் தொலைக்காட்சிப் பெட்டியோ சிறியது. மிகு ஒளிக்கும் மிகு இருளுக்கும் இடைப்பட்ட நுட்பமான வேறுபாடுகளைக் காட்டும் ஆற்றல் அதற்குக் குறைவு. போதாக்குறைக்குக் கூடத்தில் விளக்கும் எரிந்துகொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத காட்சி கட்டாயம் மெதுவாகத்தான் செல்லும். இருட்டில் நடப்பவனுக்குக் கால் நாழிகை வழி காத வழியாகத் தோன்றுவது இயல்புதானே? ஆகவே, 'மெதுவாகப் போகிறது' என்ற குறையில் ஒரு பங்கு பெட்டியினால் வந்தது.

மற்றொரு பங்கு கதையினால் வந்தது. போருக்குப் பின் உழைத்து உயர்ந்து, வீடும் காரும் பெற்று, மானமாக வாழ்ந்த ஒரு தலைமுறைக்குத் தொலைக்காட்சி யாரைக் காட்டியது? கொலை செய்தவனை, திருடர் கூட்டத்தோடு பழகுகிறவனை, பெண்ணின் உடலை விற்ற பணத்தில் உண்பவனை. அவனைக் கொடியவன் என்று காட்டி விலக்கவும் இல்லை. நல்லவன் என்று காட்டி மன்னிக்கவும் இல்லை. பதினைந்து மணி நேரம் அவன் அருகிலேயே நம்மை உட்கார வைத்தது. அவன் வாழ்ந்த காலமோ 1920-களின் இறுதி. அப்படிப்பட்ட மனிதர்கள் வேலையும் வழியும் இன்றி அலைந்த அந்தத் தெருக்களிலிருந்து அடுத்து என்ன புறப்பட்டது என்பதை ஒவ்வொரு ஜெர்மானியரும் அறிவர். நாவலில் பீபர்கோப் நாஜிக் கட்சியின் பத்திரிகையைத் தெருவில் விற்றுக்கொண்டு நிற்கும் இடம் ஒன்று உண்டு; படத்திலும் உண்டு. அவனுக்கு அரசியல் அறிவு எதுவும் இல்லை. வயிற்றுப் பிழைப்பு, அவ்வளவே. இதை வேகமாகக் காட்டியிருந்தால் பார்த்தவர் தாங்கிக்கொண்டிருப்பர். நிறுத்தி, நின்று காட்டினார் ஃபாஸ்பிண்டர்.

போற்றியவர்கள் இல்லாமல் இல்லை. அதே ஆண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் இது திரையிடப்பட்டது. 1983-இல் நியூயார்க் நகரத்துக் கொட்டகை ஒன்றில் காட்டப்பட்டபோது, அமெரிக்க அறிஞர் சூசன் சொன்டாக் இதனைப் பாராட்டி ஒரு கட்டுரை எழுதினார். நாவலைச் சுருக்காமல் படமாக்குவதற்கு இத்தகைய நீளம் வேண்டும் என்பது அவர் வாதம். குந்தர் லாம்ப்ரெக்டின் நடிப்பைக் குறை கூறினவர் அரியர். பருத்த உடலும் குழந்தை முகமும் கொண்ட அம்மனிதர், பீபர்கோப்பாகவே மாறிவிட்டார் என்றனர்.

இனி இரண்டாவது கதைக்கு வருவோம். ஓபர்ஹவுசனில் கையொப்பமிட்ட எட்கர் ரைட்ஸ், 1984-இல் 'ஹைமாட்' என்ற படத்தைத் தந்தார். ஹைமாட் என்பது சொந்த ஊர், பிறந்த மண், உற்றார் உறவினர் என்ற பொருளெல்லாம் அடங்கிய ஜெர்மன் சொல். நாஜிகள் வாயில் பட்டு அழுக்கேறிய சொல்லும் ஆகும். இப்படம் பிறந்ததற்கு ஒரு தூண்டுதல் உண்டு. யூதப் படுகொலையைக் குறித்து அமெரிக்கர் எடுத்த 'ஹோலோகாஸ்ட்' என்ற தொடர் 1979 ஜனவரியில் மேற்கு ஜெர்மனியில் ஒளிபரப்பாயிற்று. ஏறத்தாழ 2 கோடிப் பேர் அதன் ஒரு பகுதியையேனும் பார்த்தனர், வீடுதோறும் கண்ணீர், பள்ளிதோறும் விவாதம். அவ்வாண்டு ஜூலை மாதம் அந்நாட்டுப் பாராளுமன்றம், கொலைக் குற்றத்துக்குக் காலவரம்பு இல்லை என்று சட்டம் இயற்றிற்று. அத்தொடர் நாட்டு மனத்தை அசைத்தது என்பதில் ஐயமில்லை. ரைட்ஸ் மட்டும் வருந்தினார். எங்கள் வரலாற்றை அமெரிக்கர் தங்கள் வேகத்தில், தங்கள் முறையில் சொல்லிவிட்டார்கள். எங்கள் கதையை எங்களிடமிருந்து பறித்துவிட்டார்கள் என்பது அவர் மனக்குறை.

ஆகவே அவர் தாம் பிறந்த ஹுன்ஸ்ரூக் மலைநாட்டுக்கே திரும்பினார். ஷாப்பாக் என்ற கற்பனைக் கிராமம் ஒன்றை அமைத்தார். 1919-இல் போரிலிருந்து நடந்தே வீடு திரும்பும் பால் சைமன் என்ற இளைஞனிடம் கதை தொடங்குகிறது. தந்தை கொல்லர், உலைக்களத்தில் வேலை செய்துகொண்டிருக்கிறார். வந்த மகன் ஒன்றும் பேசாமல் தந்தைக்குக் கைகொடுக்கிறான். பிறகு பால் தன் கையாலேயே ஒரு வானொலிப் பெட்டி செய்கிறான். ஊரார் அதை மேட்டின்மேல் உள்ள பழங்கோட்டைக்கு எடுத்துச் சென்று, தொலைதூரத்து இசையைச் சுற்றி நின்று கேட்கிறார்கள். வானொலியின் தொடக்க நாட்களை இதைவிட அழகாகக் காட்டிய படத்தை நான் கண்டதில்லை. ஒருநாள் பால், மனைவி மரியாவிடம் சொல்லாமல் கொள்ளாமல் நடந்து சென்று அமெரிக்காவை அடைகிறான். மரியா ஊரிலேயே இருந்து மூப்படைந்து 1982-இல் இறக்கிறாள். 11 பகுதிகள். ஹுன்ஸ்ரூக் ஊர்களின் மக்கள் பலர், தொழில் நடிகரோடு சேர்ந்து தங்கள் சொந்தப் பேச்சிலேயே நடித்தார்கள். வண்ணமும் கறுப்பு வெள்ளையும் காரணம் கூறாமல் மாறி மாறி வந்தன.

இதுவும் மெதுவான படம்தான். மாவு பிசைவதையும் கொல்லன் இரும்பு அடிப்பதையும் முழுமையாகக் காட்டுகிற படம். ஆனால் ஒவ்வொரு பகுதியையும் சராசரியாக 90 இலட்சம் பேர் அளவில் பார்த்தனர். அங்கே சலிப்பு எங்கே போயிற்று? மரியாவின் அடுக்களையில் அவர்கள் தங்கள் பாட்டியைக் கண்டார்கள். பாட்டி மெதுவாக நடந்தால் யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. முன்பின் அறியாத ஒருவன் நம் கூடத்தில் வந்து பேசாமல் அமர்ந்திருந்தால், ஐந்து நிமிடமும் ஒரு யுகம்.

எனினும் ஹைமாட் எல்லாருடைய பாராட்டையும் பெற்றது என்று எண்ணிவிடாதீர்கள். இங்கே கருத்து வேறுபாடு வேறு திசையிலிருந்து வந்தது. என் நோக்கில் அது முன்னதைவிடக் கனமானது. பதினைந்து மணி நேரம் ஒரு கிராமத்தின் வாழ்வைக் காட்டுகிறீர்கள். அதில் ஹிட்லரின் 12 ஆண்டுகளும் அடங்கும். ஆனால் யூதர்களுக்கு நேர்ந்த கதி எங்கே என்று கேட்டனர் திறனாய்வாளர். படத்தில் அது ஓரிரு இடங்களில் கடந்து செல்லும் குறிப்பாக வருகிறது, அவ்வளவே. கிராமத்தார் அப்படித்தான் வாழ்ந்தார்கள், பார்க்க விரும்பாததைப் பார்க்காமலே வாழ்ந்தார்கள், அதைத்தான் காட்டினேன் என்பது ரைட்ஸ் தரப்பு விடை. இவ்விடையில் உண்மை உண்டு. ஆயினும், இத்தனை பொழுது இருந்தும், ஓர் உலைக்களத்துக்குக் கொடுத்த நேரத்தை ஒரு மறைந்துபோன குடும்பத்துக்குக் கொடுக்க முடியவில்லையா என்ற கேள்வி எழத்தான் செய்கிறது. விரைந்து செல்லும் படம் ஒன்றை விட்டுவிட்டால் இடமில்லை என்று சமாதானம் சொல்லலாம். மெதுவாகச் செல்லும் படத்துக்கு அந்தச் சாக்கு இல்லை. அடுத்த ஆண்டே பிரெஞ்சு இயக்குநர் குளோத் லான்ஸ்மான், ஒன்பது மணி நேரத்துக்கு மேற்பட்ட 'ஷோவா' என்ற ஆவணப் படத்தை வெளியிட்டார். அதுவும் மெதுவான படம். பழைய காட்சித் துணுக்கு ஒன்றுகூட இல்லாமல், உயிர் பிழைத்தவர்கள் முதலியோரின் வாய்மொழியையும் வெறிச்சோடிய இடங்களையுமே காட்டுவது. ஹைமாட்டையும் ஷோவாவையும் அருகருகே வைத்து அந்நாளில் அறிஞர் விவாதித்தனர்.

1984-இன் முதல் நாளன்று மேற்கு ஜெர்மனியில் தனியார் தொலைக்காட்சியும் தோன்றியிருந்தது. அலைவரிசைகள் பெருகின. ரைட்ஸ் 1993-இல் ஹைமாட்டின் இரண்டாம் வரிசையைக் கொண்டுவந்தார். 13 பகுதிகள்; 25 மணி நேரத்துக்கு மேல். கதைக்களம் கிராமத்தை விட்டு மியூனிக் நகரத்து இசை மாணவர்களிடம் சென்றது. அதே இயக்குநர், அதே நடை. முதல் வரிசைக்கு இருந்த கூட்டம் இதற்கு இல்லை. பாட்டியும் இல்லை, பெட்டியில் வேறு அலைவரிசைகளும் வந்துவிட்டன.

ஃபாஸ்பிண்டர் 1982 ஜூன் 10-ஆம் நாள் இறந்துபோனார். அவர் படத்தின் பழைய சுருள்கள் நாளடைவில் நலிந்தன. ஆகவே அவற்றைக் கணிப்பொறியின் துணையால் புதுப்பித்து, 2007 பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவில் காட்டினார்கள். அவ்வாண்டே அந்நகரத்தில் கண்காட்சி ஒன்றும் நடந்தது. ஒவ்வொரு பகுதியும் ஒவ்வோர் அறையில் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். வருகிறவர் விரும்பிய அறைக்குள் நுழைந்து, விரும்பிய பொழுது இருந்து, வெளியேறலாம்.

புதுப்பித்த படத்தைப் பற்றியும் சச்சரவு எழாமல் இல்லை. புதுப்பிக்கும் பணியை மேற்பார்த்தவர் அதே காமிராக் கலைஞர் ஷ்வார்ட்சன்பெர்கர்தாம். என்றாலும், ஃபாஸ்பிண்டரோடு பழகியவர்களுள் சிலரும் பத்திரிகை எழுத்தாளர் சிலரும் இப்புதிய படியைக் குறை கூறினர். அவர்கள் சொன்ன குறை, படம் வெளிச்சமாகிவிட்டது என்பது.